விண்டோஸ் சர்வருக்கு எஸ்எஸ்எல்: எந்தச் சான்றிதழ், யார் புதுப்பிப்பது?

ஆடி அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது ராமேஸ்வரத்து லாட்ஜ் ஒன்றின் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால் குரோம் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை தேடுகிறவர் காத்திருக்க மாட்டார், அடுத்த லாட்ஜைப் பார்த்துப் போய்விடுவார். இப்படி ஆவதற்கு, தளம் உண்மையானது என்று காட்டி இணைப்பைக் குறியாக்கம் செய்ய உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழே போடாதது காரணமாக இருப்பது இப்போது குறைவு. போட்டது காலாவதியானதை யாரும் கவனிக்காததுதான் பெரும்பாலும் காரணம். அதனால் எது மலிவு, எது உசத்தி என்று ஒப்பிடுவதற்கு முன்னால், இதை யார் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

கையால் புதுப்பிக்கும் காலம் முடியப் போகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் இருந்து ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் இதைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இலவசமோ விலை கொடுத்ததோ, எல்லாவற்றுக்கும் இதே வரம்புதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மதுரையில் இருந்து ஆள் வரவழைத்து, கம்ப்யூட்டர் வேலையோடு சான்றிதழையும் மாற்றிவிட்டால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று மண்டபத்து இறால் கம்பெனி போடும் கணக்கு இனி ஒத்துவராது.

முதலில் ரவுட்டரைப் பாருங்கள்

டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த விண்டோஸ் விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) என்றால் பொது ஐபி, அதாவது வெளியில் இருந்து நேரடியாக அடையக்கூடிய இணைய முகவரி எண், வழக்கமாக இருக்கும், இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். சர்வர் லாட்ஜின் ரிசப்ஷனுக்குப் பின்னாலோ ஐஸ் பிளான்ட் அலுவலகத்திலோ இருந்தால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டபிள்யூஏஎன் ஐபி என்று ஓர் எண் தெரியும். அதே இணைப்பில் இருந்து கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் இன்னொரு எண் கிடைக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது ஐபி உங்கள் கையில் இருக்கிறது. வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் தெரியும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைப்பு நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இதைச் சிஜிநாட் என்பார்கள். அந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் வெளியில் இருந்து எதுவும் உள்ளே வராது. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும், அல்லது பின்னால் வரும் டனல் வழிக்குப் போக வேண்டும்.

இந்தச் சோதனையை விட்டுவிட்டுச் சான்றிதழ் மென்பொருளோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

லெட்ஸ் என்கிரிப்ட்: ஐஐஎஸ் தளத்துக்கு முதல் தேர்வு

பொது ஐபி உண்டு, 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) ஆகிய இரண்டு போர்ட்டும் வெளியே திறந்திருக்கின்றன, தளம் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனம் கொடுப்பது இலவசச் சான்றிதழ், ஆயுள் 90 நாள். குறியாக்கத்தில் விலை கொடுத்து வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. ஆள் கை படாமல் புதுப்பிக்க ஆக்மி என்ற நெறிமுறை இருக்கிறது. விண்டோஸில் அதைப் பேசுகிற மென்பொருள்களில் வின்-ஆக்மி பழக்கமானது. அதை நெடுநாள் பராமரித்தவரே இப்போது சிம்பிள்-ஆக்மி என்ற பெயரில் தொடர்கிறார், ஆகவே புதிதாகப் போடுகிறவர்கள் சிம்பிள்-ஆக்மியை எடுப்பது மேல். இரண்டும் கறுப்புத் திரையில் எழுத்துமுறை மெனு காட்டுபவை. அந்தத் திரையைக் கண்டாலே தயங்குகிறவர்களுக்கு செர்ட்டிஃபை தி வெப் இருக்கிறது. அது சன்னலும் பட்டனுமாக இருக்கும், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நாள் மீதி என்று ஒரே பார்வையில் தெரியும். இலவசப் பதிப்பில் சான்றிதழ் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒன்றிரண்டு தளம் வைத்திருப்பவருக்கு அது போதும்.

மெனுவைத் தொடுவதற்கு முன் ஐஐஎஸ் மேனேஜரில் தளத்தின் பைண்டிங்கை, அதாவது தளம் எந்தப் பெயரிலும் போர்ட்டிலும் பதில் சொல்லும் என்ற பட்டியலை, திறந்து, போர்ட் 80-க்கான வரியில் ஹோஸ்ட் நேம் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ மூன்றும் சேர்ந்த பெயர், சேராத பெயர், இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மென்பொருளின் பட்டியலில் தளமே தெரியாது, என்னவோ ஏதோ என்று குழம்ப நேரும்.

மென்பொருள் ஜிப் கோப்பாக வரும். விரிப்பதற்கு முன் அதன் பிராப்பர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ டிக் போடுங்கள். இதை விட்டால் பின்னால் பிளக்இன்கள் ஏறாமல் முரண்டு பிடிக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் விரிக்கக் கூடாது. தினசரி வேலையாக டாஸ்க் ஷெட்யூலரில் பதிவாவது நீங்கள் விரித்த அதே இடம்தான். நான்கு மாதம் கழித்து யாரோ டவுன்லோட்ஸைக் காலி செய்தால் புதுப்பிப்பும் சத்தமில்லாமல் நின்றுபோகும். சி டிரைவில் நிரந்தரமான ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கிருந்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்.

மெனுவில் ‘என்’ அழுத்தி, தளத்தைத் தேர்ந்து, மின்னஞ்சல் கொடுத்து, விதிமுறைக்குச் சம்மதம் சொன்னால் மீதியை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு ரகசியச் சொல்லைக் கொடுக்கும். அது போர்ட் 80-ல் குறிப்பிட்ட முகவரியில் கிடைக்கிறதா என்று வெளியில் இருந்து வந்து பார்க்கும். கிடைத்தால் சான்றிதழ் வந்து ‘வெப் ஹோஸ்டிங்’ ஸ்டோரில் உட்காரும், 443 பைண்டிங் உருவாகும், தினமும் ஒருமுறை ஓடும் வேலையும் பதிவாகும். அந்த வேலை தினமும் ஓடினாலும் வின்-ஆக்மி வழக்கமாக 55-வது நாளில்தான் புதுச் சான்றிதழ் எடுக்கும். மீதி 35 நாள் கையிருப்பு. வடகிழக்குப் பருவமழையில் கேபிள் அறுந்து ஒரு வாரம் இணைப்பு இல்லாமல் கிடந்தாலும் அந்தக் கையிருப்பு தாங்கும். லெட்ஸ் என்கிரிப்ட் ஆறு நாள் ஆயுள் கொண்ட சான்றிதழும் தருகிறது. அலுவலகத்துக்குள் வைத்த சர்வருக்கு இந்தக் கடற்கரையில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

எங்கே இடறும்? பாதுகாப்பு என்று நினைத்து ரவுட்டரில் 443-ஐ மட்டும் திறந்து 80-ஐ மூடி வைத்திருப்பது முதலாவது. சோதனை 80-ல்தான் தொடங்கும். அங்கிருந்து 443-க்குத் திருப்பிவிட்டாலும் லெட்ஸ் என்கிரிப்ட் பின்தொடர்ந்து வரும், ஆனால் 80 மூடியிருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டாவது, ஃபயர்வாலில் இந்திய ஐபிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருப்பது. லெட்ஸ் என்கிரிப்ட் உலகின் பல இடங்களில் இருந்து ஒரே நேரத்தில் சரிபார்ப்பதால் இந்த வேலி அதையும் தடுத்துவிடும். மூன்றாவது பலர் யோசிக்காதது: பழைய ஹோஸ்டிங் காலத்து ஐபிவி6 (புதுவகை ஐபி முகவரி) பதிவு, தளத்தின் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் மிச்சம் இருப்பது. ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரியும் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 பக்கம்தான் முதலில் போகும். அங்கே வேறு ஏதோ சர்வர் பதில் சொன்னால் சோதனை தோற்றுவிடும், உங்கள் ஃபோனில் மட்டும் தளம் நன்றாகவே திறக்கும்.

தோற்றால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விக்கு மேல் போனால் கதவு தற்காலிகமாக மூடிவிடும். அதே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான் கிடைக்கும். முதல் முயற்சிகளை ஸ்டேஜிங் எனப்படும் சோதனை சர்வரில் செய்து, வழி சரியென்று தெரிந்ததும் நிஜத்துக்கு மாறுங்கள்.

இரவில் அணைத்துக் காலையில் போடும் கம்ப்யூட்டரே சர்வராக இருந்தால், டாஸ்க் ஷெட்யூலரில் அந்த வேலையைத் திறந்து, நேரம் தவறினால் முடிந்த அளவு சீக்கிரம் ஓட்டு என்ற டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் முடியப்போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. இனி எச்சரிக்கை உங்கள் பொறுப்பு. மென்பொருளின் அமைப்புக் கோப்பில் மின்னஞ்சல் விவரம் கொடுத்துவிட்டால் தோல்வியை அது சொல்லும்.

டிஎன்எஸ் வழி: உள்ளறை சர்வருக்கும் உதவும்

80-ஐத் திறக்க முடியாது, அல்லது ஒரே சான்றிதழில் எல்லா உபடொமைன்களும் அடங்க வேண்டும் என்றால் டிஎன்எஸ் சரிபார்ப்பு. டொமைனின் பதிவுகளில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டுக் காட்டினால் போதும், சர்வரை வெளியில் இருந்து யாரும் தொட வேண்டியதில்லை. எல்லா உபடொமைன்களையும் அடக்கும் வைல்ட்கார்டு சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்டில் இது ஒன்றே வழி.

இதில் வில்லங்கம் உங்கள் டொமைனை விற்றவர் பக்கம் இருக்கிறது. டிஎன்எஸ் பதிவை மென்பொருள் தானே மாற்றுவதற்கான ஏபிஐ அவரிடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் நீங்களே உள்ளே போய்ப் பதிவு போட வேண்டும். அது கைவேலைதான், எடுத்த பயன் போய்விடும். டொமைனை அங்கேயே விட்டுவிட்டு டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மட்டும், தளங்களுக்கு முன்னால் நின்று போக்குவரத்தை வாங்கி அனுப்பும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இலவசக் கணக்குக்கு மாற்றினால் சிக்கல் தீரும். அங்கே அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ் பதிவை மட்டும் மாற்றும் உரிமையோடு ஒரு டோக்கன் எடுத்து மென்பொருளிடம் கொடுங்கள். கணக்கு முழுவதற்குமான சாவியைக் கொடுக்காதீர்கள். நேம்சர்வரை மாற்றும் முன் பழைய பதிவுகளை, முக்கியமாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தளம் சரியாகி மெயில் நின்றுபோன கதை நிறைய உண்டு. வின்-ஆக்மி என்றால் ‘பிளக்கபிள்’ என்று பெயர் போட்ட ஜிப்பை எடுக்க வேண்டும், ‘டிரிம்டு’ பதிப்பில் டிஎன்எஸ் பிளக்இன் ஏறாது.

இதில் இன்னொரு சவுகரியம் இருக்கிறது. ஐஸ் பிளான்ட்டின் பில்லிங் மென்பொருள் அலுவலக வைஃபைக்குள் மட்டும் ஓடுகிறது என்றால், அதற்கும் உங்கள் டொமைனில் ஒரு பெயர் வைத்து, உள்ளறை ஐபியைக் காட்டி, முறையான சான்றிதழ் எடுத்துவிடலாம். ஆனால் வெளியாகும் சான்றிதழ்கள் அனைத்தும் பொதுப் பதிவேட்டில் ஏறும். அதனால் ‘கணக்கு-சம்பளம்’ போன்ற பெயரை உபடொமைனாக வைக்க வேண்டாம்.

கிளவுட்ஃப்ளேர் முன்னால் நிற்பது

சிஜிநாட் இணைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதுவே சுலபம். கிளவுட்ஃப்ளேரின் டனல் மென்பொருளை விண்டோஸ் சர்வீஸாகப் போட்டால், சர்வர் உள்ளிருந்து வெளியே இணைப்பு போட்டுக்கொள்ளும். ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். வாடிக்கையாளர் பார்க்கும் சான்றிதழைக் கிளவுட்ஃப்ளேரே கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளும்.

டனல் இல்லாமல், பொது ஐபியின் முன்னால் கிளவுட்ஃப்ளேரை நிறுத்துகிறவர்கள் ‘ஃப்ளெக்சிபிள்’ முறையைத் தொடக்கூடாது. வாடிக்கையாளரில் இருந்து கிளவுட்ஃப்ளேர் வரைதான் அதில் குறியாக்கம். அங்கிருந்து உங்கள் சர்வர் வரை விருந்தினரின் பெயரும் ஃபோன் நம்பரும் திறந்த தபால் அட்டையாகப் போகும். அதோடு ஐஐஎஸ்ஸில் எச்டிடிபியை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் விதி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி, ‘அளவுக்கு மீறிய ரீடைரக்ட்’ என்று பிரவுசர் கைவிரிக்கும். ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ முறையை வைத்து, கிளவுட்ஃப்ளேர் தரும் ஆரிஜின் சான்றிதழை ஐஐஎஸ்ஸில் போடுங்கள். அது 15 ஆண்டு வரை செல்லும், ஆனால் அதை நம்புவது கிளவுட்ஃப்ளேர் மட்டுமே. என்றைக்காவது கிளவுட்ஃப்ளேரை நிறுத்திவிட்டு நேரடியாகத் திறந்தால் எல்லா பிரவுசரும் எச்சரிக்கும்.

உங்கள் போக்குவரத்தை நடுவில் ஒரு நிறுவனம் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுகிறது என்பது இந்த வழியின் விலை. லாட்ஜ் முன்பதிவுக்கு இது பெரிய விஷயமில்லை. வாங்குபவரோடு ரகசிய ஒப்பந்தம் போட்ட ஏற்றுமதியாளர் ஒருமுறை யோசித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

விலை கொடுத்து வாங்குவது எப்போது?

டொமைன் உங்களுடையதா என்று மட்டும் பார்க்கும் டிவி வகைச் சான்றிதழுக்குக் காசு கொடுக்க இப்போது காரணம் கிடையாது. நிறுவனத்தையே சரிபார்க்கும் ஓவி, இவி வகைகள் வேறு. இவி போட்டால் முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயர் பச்சையாகத் தெரிந்ததெல்லாம் 2019-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எடுத்துவிட்டன. கீழக்கரையில் இருந்தோ மண்டபத்தில் இருந்தோ ஏற்றுமதி செய்கிறவருக்கு வெளிநாட்டு வாங்குபவரின் விண்ணப்பப் படிவத்தில் ஓவி சான்றிதழ் கட்டாயம் என்று எழுதியிருந்தால் வாங்குங்கள். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் அந்தப் பணத்தை பேக்கப் டிஸ்குக்குப் போடலாம்.

ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு போன்றவற்றுக்குக் கையெழுத்திடும் யூஎஸ்பி டோக்கன் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே போட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அது ஆளின் கையெழுத்துக்கான சான்றிதழ், இணையதளத்தின் பெயர் அதில் இல்லை.

வாங்குவதாக முடிவெடுத்தால், ஐஐஎஸ் மேனேஜரின் ‘சர்வர் சர்டிஃபிகேட்ஸ்’ பகுதியில் கோரிக்கைக் கோப்பு உருவாக்கும்போது சாவியின் நீளம் 2048 பிட் என்று இருக்கிறதா பாருங்கள். சில பதிப்புகளில் 1024 என்று தானாக நிற்கும், அதை எந்த நிறுவனமும் ஏற்காது. கோரிக்கை உருவாக்கிய அதே கம்ப்யூட்டரில்தான் வந்த சான்றிதழை முடித்துவைக்க வேண்டும், ஏனென்றால் தனிச் சாவி அங்கேதான் இருக்கிறது. இதில் அடிக்கடி பார்க்கும் கோளாறு: சான்றிதழைச் சேர்த்ததும் பட்டியலில் தெரிகிறது, ரிஃப்ரெஷ் செய்தால் காணாமல் போகிறது. சாவியோடு அது இணையவில்லை என்று பொருள். சாவி அதே கம்ப்யூட்டரில் இருந்தால் செர்ட்யூட்டில் கட்டளையின் ரிப்பேர்ஸ்டோர் வசதி, சான்றிதழின் வரிசை எண்ணைக் கொடுத்தால், இரண்டையும் சேர்த்துவிடும். நடுவில் விண்டோஸை மறுபடி போட்டிருந்தால் வேறு வழியில்லை, புதுக் கோரிக்கை போட்டு மறுவெளியீடு கேட்க வேண்டியதுதான்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் தளம் சரியாகத் திறக்கிறது, சில ஆண்ட்ராய்டு ஃபோனில் மட்டும் எச்சரிக்கை வருகிறது என்றால், உங்கள் சான்றிதழைப் பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விட்டுப்போயிருக்கிறது. நிறுவனம் அனுப்பிய இடைநிலைக் கோப்பை, உங்கள் பயனர் கணக்கின் ஸ்டோரில் போடாமல், லோக்கல் கம்ப்யூட்டரின் ‘இன்டர்மீடியட்’ ஸ்டோரில் போட வேண்டும்.

வேறு யாரோ லினக்ஸில் உருவாக்கி அனுப்பிய, சான்றிதழும் சாவியும் சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பு விண்டோஸ் சர்வர் 2016-ல் ‘கடவுச்சொல் தவறு’ என்று மறுத்தால், கடவுச்சொல் சரியாகவே இருக்கலாம். புதிய ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்தும் ஏஇஎஸ் பூட்டை 2016-க்குத் திறக்கத் தெரியாது, அது வேறு மாதிரிச் சொல்லத் தெரியாமல் கடவுச்சொல்லைக் குறை சொல்கிறது. பழைய டிரிபிள் டெஸ் முறையில் மறுபடி கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

விலை கொடுத்தாலும் வருடத்துக்கு ஒருமுறை என்பது இனி இல்லை என்பதால், ஆக்மி வழியில் தரும் நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்கள். ஓராண்டுச் சந்தா என்று விற்பார்கள். அந்த ஓராண்டுக்குள் மறுவெளியீடு எடுத்து நிறுவுவது உங்கள் வேலை.

சுயமாகக் கையொப்பமிட்டது

ஐஐஎஸ்ஸில் ஒரு கிளிக்கில் உருவாகும், ஓராண்டு ஓடும். சோதனைக்கு மட்டும். இதைப் பணியாளர்களின் டேப்லெட்டில் ‘அட்வான்ஸ்டு, தொடர்க’ என்று தள்ளித் தள்ளிப் பழக்கினால், நிஜமான ஆபத்து எச்சரிக்கையையும் அவர்கள் அதே விரலால் தள்ளிவிடுவார்கள். உள்ளறைத் தேவைக்கு மேலே சொன்ன டிஎன்எஸ் வழி இருக்கும்போது இது தேவையில்லை.

ஸாம்ப் வைத்திருப்பவர்கள்

பல பில்லிங் மென்பொருள்கள் ஐஐஎஸ்ஸில் இல்லாமல், ஸாம்ப் தொகுப்பில் வரும் அப்பாச்சி என்ற வெப் சர்வரில் ஓடுகின்றன. அப்பாச்சி விண்டோஸின் சான்றிதழ் ஸ்டோரைப் படிக்காது, பெம் கோப்புகளாகக் கேட்கும். வின்-ஆக்மியிலும் சிம்பிள்-ஆக்மியிலும் ‘எம்’ அழுத்தி முழு விருப்பங்களுக்குப் போய், சேமிப்பு இடமாகப் பெம் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். புதுப்பித்தபின் அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றையும் அங்கேயே இணைக்க வேண்டும். இதை மறந்தால் டிஸ்கில் புதுச் சான்றிதழ் இருக்கும், அப்பாச்சி நினைவில் வைத்திருக்கும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் கேடி என்ற வெப் சர்வரை முன்னால் நிறுத்திப் பாருங்கள். சான்றிதழ் எடுப்பதும் புதுப்பிப்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எந்த வழியானாலும் பார்க்க வேண்டியவை

ஒரே ஐபியில் இரண்டு தளம் இருந்தால் 443 பைண்டிங் இரண்டிலும் ஹோஸ்ட் நேம் போட்டு, சர்வர் நேம் இண்டிகேஷன் டிக்கையும் போடுங்கள். இது விண்டோஸ் சர்வர் 2012-ல் இருந்து உண்டு. டிக் இல்லாவிட்டால் கடைசியாகப் போட்ட சான்றிதழ் இரண்டு தளத்துக்கும் போய், ஒன்றில் பெயர்ப் பொருத்தம் இல்லை என்று எச்சரிக்கை வரும்.

உப்புக் காற்று சர்வரின் மதர்போர்டையும் விடுவதில்லை. பேட்டரி இருக்கும் பிடி பச்சை பூத்தாலோ சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலோ, கரண்ட் போய் வரும்போது தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தளம் அப்போதும் திறக்கும், ஏனென்றால் காலாவதியைப் பார்ப்பது வருகிறவரின் ஃபோன் கடிகாரம். ஆனால் சர்வர் லெட்ஸ் என்கிரிப்ட்டைத் தொடர்புகொள்ளும்போது, அவர்களுடைய சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று மறுத்துவிடும், புதுப்பிப்பு நிற்கும், டனலும் இணையாது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை விண்டோஸின் நேரச் சேவை தானாகத் திருத்த மறுப்பதும் உண்டு. புதுப்பிப்பு காரணம் தெரியாமல் தோற்றால் முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்.

பழைய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2016-க்கு 2027 ஜனவரி வரைதான். குறியாக்க நெறிமுறையின் புதிய பதிப்பான டிஎல்எஸ் 1.3 வேண்டுமென்றால் 2022 பதிப்புக்குப் போக வேண்டும். சான்றிதழுக்காகச் செலவு செய்ய நினைத்த பணம் இருந்தால் அதை இங்கே போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்கும்போது அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். உள்ளிருந்து பொது முகவரியைக் கேட்டால் திருப்பி அனுப்பத் தெரியாத ரவுட்டர்கள் உண்டு. சரியாக இருக்கும் தளம்கூட அங்கே திறக்காது.